எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவது?

மனிதன் விடை காண முடியாமல் திகைக்கும் கேள்விகள் உலகத்தில் பல உண்டு. உயிர் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்பது அவற்றில் ஒன்று. ஆனால் பள்ளிக்கூடத்து உபாத்தியாயராகிய நம்மிடம் அதைக் கேட்டுக்கொண்டு யாரும் வருவதில்லை. நம் வீட்டு வாசலுக்கு வரும் பழைய மாணாக்கர்கள் கேட்பது வேறு கேள்வி. கையில் ஓர் அழைப்புக் கடிதம் இருக்கும். முகத்தில் பாதி சந்தோஷமும் பாதி பீதியும் இருக்கும். "சார், இண்டர்வியூவுக்கு என்ன போட்டுக்கிட்டுப் போறது?" என்பார்கள்.

வெகு காலம் இந்தக் கேள்வியை நாம் சிரித்தே தள்ளிவிட்டு வந்தோம். "உடம்பிலே என்ன இருக்கிறது என்று எவன் பார்க்கப் போகிறான்? தலைக்குள்ளே ஏதாவது இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்" என்று ஹாஸ்யமாகச் சொல்லி அனுப்பிவிடுவோம். அந்த ஹாஸ்யத்துக்காக இப்போது வெட்கப்படுகிறோம். காரணத்தையும் சொல்லிவிடுகிறோம்.

திருவொற்றியூர்க் கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து வந்து நம்மிடம் கணக்குப் படித்த பையன் ஒருவன். தகப்பனார் கடலுக்குப் போகிறவர். தாயார் காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத் தெருவாக விற்கிறவர். பையன் பாலிடெக்னிக்கில் யந்திரத் தொழில் படித்து முதல் வகுப்பில் தேறினான். பெரிய தொழிற்சாலை ஒன்றிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. தொழிற்சாலையின் பெயர் இங்கே வேண்டாம். அவனும் வழக்கமான கேள்வியைக் கேட்டான். நாமும் வழக்கமான ஹாஸ்யத்தைச் சொன்னோம்.

இரண்டு மாதம் கழித்துத் தேரடியில் அவனைச் சந்தித்தோம். கண்டெய்னர் கிடங்கு ஒன்றில் தினக்கூலிக்கு மூட்டை எண்ணிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். "இண்டர்வியூ என்ன ஆயிற்று?" என்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டான்.

"போனேன் சார். கேட்டு வரைக்கும் போனேன். அங்கே நின்ன எல்லாரும் ஷூ போட்டிருந்தாங்க. சில பேர் டை கூடக் கட்டியிருந்தாங்க. நான் செருப்போட போயிருந்தேன். எதிரே டீக்கடையிலே கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் பஸ் ஏறி வந்துட்டேன். எங்க அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார். உள்ளே போய்ட்டு வந்தேன்னுதான் சொல்லியிருக்கேன்."

நேயர்களே, அந்தத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேருகிறவனுக்கு முதல் நாள் என்ன செய்வார்கள் தெரியுமா? அவன் போட்டுக்கொண்டு வந்த ஷூவைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டு, இரும்பு முனை வைத்த பாதுகாப்புப் பூட்ஸைக் கொடுப்பார்கள்! எந்த ஷூ இல்லாத குறைக்காக நம் பையன் வாசலோடு திரும்பினானோ, அந்த ஷூவுக்கு உள்ளே இடமே கிடையாது.

பிறகு அவனிடமிருந்து அந்த அழைப்புக் கடிதத்தை வாங்கிப் படித்துப் பார்த்தோம். காலை எட்டரை மணிக்கு வர வேண்டும். அசல் சர்ட்டிபிகேட்டுகளும் அவற்றின் நகல்களும் கொண்டு வர வேண்டும். புகைப்படம் இரண்டு வேண்டும். ஆதார் அட்டை வேண்டும். பிரயாணச் செலவு தரப்பட மாட்டாது. எல்லாம் விவரமாக இருந்தன. உடையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. எழுதி வைத்த விதியை ஏழைப் பிள்ளையும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். எழுதாத விதியோ, அதை அறிந்த தகப்பனாரும் மாமாவும் வாய்த்த பிள்ளைக்கு மாத்திரமே தெரிகிறது. ஆபீஸ் குமாஸ்தாவின் மகன் என்ன உடுத்திக்கொண்டு போவது என்று யாரையும் கேட்பதில்லை. சாப்பாட்டு வேளையில் தகப்பனார் சொல்லிவிடுகிறார். கடலுக்குப் போகிறவர் மகனுக்கு யார் சொல்லுவார்கள்? நாம் சொல்லியிருக்க வேண்டும். நாமோ ஹாஸ்யம் பேசினோம்.

இந்த வடசென்னைக்கு உடையைப் பற்றி வெளியார் யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டை எப்படி உண்டாயிற்று? 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளிகளைக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர் அது. காலட் பேட்டை என்பதுதான் ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. கும்பினியார் கப்பலில் ஏற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. பெரம்பூரில் பி. அண்டு சி. ஆலைகள், 1996-ஆம் வருஷம் மூடப்படும் வரையில், ஊரிலுள்ள சிப்பாய்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் காக்கித் துணி நெய்து தள்ளின. ஊருக்கெல்லாம் உடை நெய்தும் வெளுத்தும் கொடுத்த பிரதேசத்தின் பிள்ளை, உடைக்கு அஞ்சி டீக்கடையில் ஒதுங்கி நின்றான்!

"வேஷ்டியோடும் செருப்போடும் போய் நிற்பதுதானே சுதேசி வீரம்?" என்று சிலர் கேட்கலாம். மகாத்மாவின் சரித்திரத்தைப் புரட்டினால் இதற்கு நல்ல பதில் கிடைக்கிறது. 1893-ஆம் வருஷம் டர்பன் நகரத்துக் கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் தலைப்பாகையை எடுக்கச் சொன்னார். காந்திஜி மறுத்து வெளியேறினார். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. மறு வருஷம் நடந்தது பலருக்குத் தெரியாது. நேட்டால் சுப்ரீம் கோர்ட்டில் வக்கீலாகப் பதிந்துகொண்டபோது பிரதம நீதிபதி அதே தலைப்பாகையை எடுக்கச் சொன்னார். இம்முறை காந்திஜி எடுத்துவிட்டார். சிநேகிதர்களுக்கு இது பிடிக்கவில்லை. தமது பலத்தை இதைவிடப் பெரிய போராட்டங்களுக்குச் சேமித்து வைக்க விரும்பியதாக அவரே சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அதே காந்திஜிதான் 1921-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 22-ஆம் தேதி மதுரையில் மற்ற உடைகளைத் துறந்து நாலு முழத் துண்டை ஏற்றார். 1931-ஆம் வருஷம் லண்டன் அரண்மனையில் சக்கரவர்த்தியைப் பார்க்கப் போனபோதும் அந்தத் துண்டை விடவில்லை. எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே நின்றுகொள்வது என்பதை அவர் வேலையைப் பார்த்துத் தீர்மானித்தாரே தவிர, துணியைப் பார்த்துத் தீர்மானிக்கவில்லை.

வேஷ்டியின் மானத்தைப் பற்றி இப்போது நாம் அதிகம் கவலைப்படவும் வேண்டியதில்லை. 2014-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதி அரிபரந்தாமன் அவர்களே வேஷ்டி கட்டிய காரணத்தால் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் கிளப்பின் வாசலில் தடுக்கப்பட்டார். நாடெங்கும் கூச்சல் எழுந்தது. அதே வருஷம் சட்டசபையில் ஒரு சட்டம் நிறைவேறி, வேஷ்டி கட்டியவரைக் கிளப்புகளும் மற்றப் பொது இடங்களும் தடுப்பது குற்றமாயிற்று. 2019-ஆம் வருஷம் அரசாங்கம் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை விதி வகுத்தபோது, ஆண்களுக்குச் சட்டையும் பாண்டும், அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேஷ்டியும் ஆகலாம் என்றது. பெண்களுக்குச் சேலையும், சல்வார் கமீஸும், துப்பட்டாவோடு சுடிதாரும் ஆகலாம் என்றது. அந்த உத்தரவைப் பற்றி யார் எந்த அபிப்பிராயம் கொண்டாலும் சரி, அதில் ஒரு நன்மை இருக்கிறது: விதி எழுத்தில் இருக்கிறது.

ஆனால் எண்ணூரிலும் மணலியிலும் வேலை தேடுகிறவர்கள் மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஓடுகிற யந்திரத்தின் அருகில் தொங்கும் துணி யமனுக்குச் சமானம். பட்டையிலோ பல்சக்கரத்திலோ வேஷ்டித் தலைப்பு சிக்கினால் துணி மட்டும் போகாது. ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். துப்பட்டாவுக்கும் சேலைத் தலைப்புக்கும் இதே கதிதான். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஓடும் யந்திரத்தை அருகில் போய்ச் சோதிக்கிற தொழிலாளி உடம்போடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும் என்று விதித்தது; அந்த உடையை நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிற்று. வேலைக்கு அவசியமான உடை வேறு, பார்க்கிறவர் கண்ணுக்கு அவசியமான உடை வேறு. முன்னதை முதலாளி கொடுக்கிறார். பின்னதற்காகத்தான் ஏழைக் குடும்பம் கடன் வாங்குகிறது.

ஆகவே, நம்மைக் கேட்கும் பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் ஹாஸ்யம் பேசாமல் இப்படிச் சொல்லி வருகிறோம்.

முதலாவது, கடன் வாங்கிக் கோட்டு தைக்காதே. சென்னை வெயிலில் கோட்டுப் போட்டவன் கேள்விக்குப் பதில் சொல்லுவானா, வியர்வையைத் துடைப்பானா? வெளிர் நிறத்தில் ஒரு முழுக்கைச் சட்டை, கருநிறத்தில் ஒரு பாண்ட், இவை போதும். வண்ணாரப்பேட்டை எம். சி. ரோட்டில் பேரம் பேசி வாங்கலாம். வாங்கியதை ஒரு தரம் துவைத்துவிட வேண்டும். கஞ்சி போகாத புதுச் சட்டை கழுத்தை அறுக்கும். கழுத்து அறுபடுகிறபோது புத்தி வேலை செய்யாது.

இரண்டாவது, முதல் நாள் இரவே முழு உடையையும் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திரு. பொத்தான் தெறிக்கிறதா, தையல் விடுகிறதா என்பது வீட்டிலேயே தெரிந்துவிடட்டும். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கொடுத்துப் பெட்டி போட்டுக்கொள்.

மூன்றாவது, ஷூ இருந்தால் துடைத்துப் போட்டுக்கொள். இல்லாவிட்டால் வார் அறாத செருப்பைக் கழுவித் துடைத்துப் போட்டுக்கொண்டு தலைநிமிர்ந்து போ. அண்ணன் ஷூ அளவாக இருந்தால் இரவல் வாங்குவதில் தோஷமில்லை. அளவில்லாத ஷூ, நொண்டிக்கொண்டு உள்ளே நுழைய வைக்கும்.

நான்காவது விஷயம் நம் பகுதிக்கே உரியது. கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியில் எர்ணாவூரில் வெள்ளையாகப் புறப்பட்ட சட்டை பாரிமுனையில் பழுப்பாகப் போய்ச் சேரும். ராயபுரத்து ஜனங்கள் 2011-ஆம் வருஷம் வரையில் கொடியில் உலர்த்திய துணியில் கரித்தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஹைக்கோர்ட்டு உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்ற பிறகே அந்தத் தொல்லை குறைந்தது. 2021 முதல் விம்கோ நகர் வரையில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. அந்த ஒரு நாளைக்காவது அதில் போ. பஸ்ஸில் போவதானால் நல்ல சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் மாற்றிக்கொள்.

பெண் குழந்தைகளுக்கும் ஒரு வார்த்தை. முக்கியமான நாள் என்பதற்காக அம்மாவின் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, எந்த ஊக்கு எப்போது கழலுமோ என்று பயந்துகொண்டே உட்கார வேண்டாம். தினந்தோறும் உடுத்திப் பழகியதில் நல்லதாக ஒன்றை உடுத்திக்கொள்ளுங்கள். சல்வார் கமீஸானாலும் பருத்திச் சேலையானாலும், உடுத்தியிருக்கிறோம் என்ற நினைவே வராமல் பேச முடிந்தால் அதுதான் சரியான உடை.

கடைசியாக ஒன்று: சந்தேகம் இருந்தால் கேள். அழைப்புக் கடிதத்தின் அடியில் டெலிபோன் நம்பர் இருக்கிறது.

நம் குப்பத்துப் பையனுக்கு அடுத்த அழைப்பு வந்தபோது நம் முன்னிலையிலேயே அவனைப் பேச வைத்தோம். அவன் கை நடுங்கிற்று. "சார், செருப்புப் போட்டுக்கிட்டு வரலாமா?" என்று கேட்டான். மறுபுறத்திலிருந்து ஓர் அம்மாள் சற்றும் யோசியாமல், "தாராளமா வாங்க தம்பி, சுத்தமா இருந்தாப் போதும்" என்றார். டெலிபோனை வைத்துவிட்டுப் பையன் நம்மைப் பார்த்த பார்வையை நாம் மறக்கப் போவதில்லை. முதல் தடவையே இதை யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று அந்தப் பார்வை கேட்டது.

அந்த இடத்தில் வேலை கிடைக்கவில்லை. கேட்ட கேள்விகளில் இரண்டுக்குப் பதில் தெரியவில்லையாம். வீட்டுக்கு வந்து புஸ்தகத்தைப் புரட்டி அவற்றைப் படித்துக்கொண்டான். அதற்கடுத்த இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. முதல் சம்பளம் வருவதற்கு முன்பே, கம்பெனியார் கொடுத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். உடன் வந்த தாயார் ஒரு பை நிறைய வஞ்சிரம் கொண்டுவந்திருந்தார். டீக்கடைச் சமாசாரத்தை மட்டும் நாங்கள் இருவரும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் அன்பர்களில் தொழிற்சாலை நிர்வாகிகளும் ஆபீஸ் மானேஜர்களும் இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் அனுப்பும் அழைப்புக் கடிதத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: "சுத்தமான எந்த உடையிலும் வரலாம், ஷூ கட்டாயமில்லை." காகிதத்தில் அதற்கு இடம் இருக்கிறது.