சேற்று நிலம் ஒரு பாடசாலை

பெருநகரத்திற் கல்வி என்றதும் கட்டடங்களே நம் கண்முன் தோன்றுகின்றன. பல்கலைக்கழகம், நூல்நிலையம், ஆய்வுகூடம் என்று விரல்விட்டு எண்ணுகின்றோம். மழைநீர் தேங்கிக் கோரை மண்டிக் கிடக்கும் ஒரு சேற்று நிலத்தையும் அவ்வரிசையிற் சேர்க்க எவருக்கும் மனம் வருவதில்லை. எனக்கும் வெகுகாலம் வந்ததில்லை.

கொழும்பின் தென்புறத்தே, நான் குடியிருந்த ஒழுங்கையின் முடிவில் அத்தகைய நிலம் ஒன்று கிடந்தது. நுளம்பும் நாற்றமும் அங்கிருந்துதான் வருகின்றன என்று அயலவர் யாவரும் குறைப்பட்டுக்கொள்வர். ஒருநாள் லொறிகள் வந்து செம்மண்ணைக் கொட்டி அதனை மேடாக்கின. "பீடை ஒழிந்தது" என்று மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். 2010ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இரவு முழுவதும் பெருமழை கொட்டியது. அந்நிலத்திற் சென்று தங்கவேண்டிய நீர் என் வீட்டு விறாந்தையைக் கடந்து உள்ளே வந்து தங்கியது. நான் சேர்த்துவைத்த நூல்களிற் பாதி அன்று கூழாயின. அதே வெள்ளம் தியவன்னா ஓயாவின் நடுவேயுள்ள பாராளுமன்றத்தையும் விட்டுவைக்கவில்லை. சதுப்பை அகழ்ந்து ஏரியாக்கி, அதன் நடுவே எழுப்பி, 1982இல் திறந்துவைத்த மாளிகை அது. நீர் தன் பழைய இருப்பிடத்தை மறப்பதில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

களனி கங்கையின் வெள்ளச் சமவெளியை அடுத்துத் தாழ்ந்து கிடக்கும் நகரம் கொழும்பு. ஆண்டொன்றுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் இங்கு மழை பொழிகின்றது. அந்நீர் முழுவதையும் கால்வாய்கள் உடனே கடலுக்குக் கொண்டுசெல்ல இயலாது. சதுப்பு நிலமோ நீரைப் பரப்பி ஏந்தி, மெல்ல மெல்ல விடுகின்றது. அழுக்கைச் சேற்றிலும் வேரிலும் தடுத்துவைக்கின்றது. வெயிலின் கடுமையைத் தணிக்கின்றது. இத்தனை பணிகளையும் கூலியின்றிச் செய்துவந்த வேலையாளையே நாம் மண்மூடிப் புதைத்தோம்.

ஸ்கொத்லாந்து தேசத்து அறிஞர் பற்றிக் கெடிஸ் என்பவர் 1921இல் கொழும்பு நகருக்குத் திட்டம் ஒன்று வரைந்தளித்தார். அவர் அடிப்படையில் உயிரியல் கற்றவர். நகரத்தைத் திருத்த முயலுமுன் அதனைக் கூர்ந்து ஆராய்ந்து அறிதல் வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கொள்கை. எடின்பறோ நகரிற் பழைய கோபுரம் ஒன்றை வாங்கி, பொதுமக்கள் அதில் ஏறித் தம் நகரைத் தாமே கண்டு கற்க வழிசெய்தவரும் அவரே. நகரமே பாடசாலை, நகரமாந்தரே மாணாக்கர் என்ற அந்நோக்கு இன்றும் பழுதுபடவில்லை.

அந்நோக்கின் சாயலைக் கொழும்பில் இன்று காணலாம். நகர்ப்புற ஈரநிலங்களைப் பேணும் நகரங்கள் என்ற சிறப்பு 2018இல் முதன்முறையாக உலகின் 18 நகரங்களுக்கு வழங்கப்பட்டது; கொழும்பு அவற்றுள் ஒன்று. பெத்தகானவிலும், தியசரு பூங்காவிலும் சதுப்பின்மேல் மரப்பாலங்கள் அமைத்திருக்கின்றனர். புத்தகத்தில் மட்டும் படித்த நீர்நிலை வாழ்க்கையைப் பிள்ளைகள் அங்கே நேரிற் காண்கின்றனர். மாநகரின் நடுவிலும் மீன்பிடிப் பூனை வாழ்வதை ஆய்வாளர் கண்டு, கழுத்துப்பட்டியில் வானொலிக் கருவி பொருத்தி அதன் நடமாட்டத்தை ஆராய்ந்திருக்கின்றனர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் தனித்துறையாகவே கற்பிக்கப்படுகின்றது.

ஆயினும், பட்டமும் பாராட்டும் மட்டும் போதா. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14, புத்தாண்டு தினம். மீதொட்டமுல்லையில் தாழ்நிலத்தில் ஆண்டாண்டாகக் குவித்த குப்பைமலை சரிந்து, முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. அம்மலையின் ஆபத்தை அதன் அடியில் வாழ்ந்த மக்கள் அறியாதவர் அல்லர்; முன்னரே எதிர்த்துக் குரல் கொடுத்தவர். அவர்தம் அறிவை அறிவென மதிக்காமையே அங்கு நேர்ந்த பெரும்பிழை. நகர ஆராய்ச்சி என்பது ஆய்வாளர் சேரிக்குச் சென்று கணக்கெடுத்து மீள்வதோடு முடிவதன்று. கால்வாய்க் கரையில் வாழும் தாய் எந்த மாதத்தில் நீர் எத்துணை உயரும் என்று அறிவாள். அவளுக்கு அளவுகோலும் குறிப்பேடும் தந்தால் அவளும் ஆய்வாளரே. ஆய்வின் முடிவோ, ஆங்கில அறிக்கையாக அலுமாரியில் உறங்காது, அவள் படிக்கும் தமிழிலும் சிங்களத்திலும் அவள் வாசலுக்குத் திரும்பிவருதல் வேண்டும்.

அண்மையில் அயல்வீட்டுச் சிறுமி ஒருத்தியைப் பெத்தகானவுக்கு அழைத்துச் சென்றேன். நீரில் அசையாது நின்ற நாரையை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "தாத்தா, எங்கள் ஒழுங்கையின் முடிவிலும் முன்னர் இப்படித்தான் இருந்ததா?" என்று கேட்டாள்.

"ஆம்" என்றேன்.

"பிறகு ஏன் மூடினார்கள்?"

மூடியவர்களைப் பற்றி நான் ஏதும் கூறவில்லை. மூடியபோது மகிழ்ந்த என் கதையைத்தான் சொன்னேன். அவள் கற்கவேண்டிய முதற்பாடம் அதுவே என்று எனக்குத் தோன்றியது.