அணி ஊரை விட்டுப் போவது ஏன்? வணிகர் பார்க்க வேண்டிய மூன்று கணக்குகள்

2020 மே மாதத்தை மாதவரம் வட்டார வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனா பரவியதால் கோயம்பேடு அங்காடி மூடப்பட்டு, பழ வியாபாரம் நமது மாதவரம் பேருந்து நிலையத்துக்கு மாற்றப்பட்டது. சில மாதங்கள் லாரிகளும் சுமை தூக்குவோரும் சில்லறை வியாபாரிகளுமாக இருந்த இடம், அங்காடி திரும்பிப் போனதும் பழையபடி பஸ் நிற்கும் இடமாயிற்று. கூட்டம் இருக்கும் இடத்தில் கடை போடுவது நமது தொழில். அந்தக் கூட்டமே எழுந்து வேறு இடம் போனால் நமது நிலை என்ன?

இந்தக் கேள்விக்கு விளையாட்டு அணிகளின் வரலாற்றில் நல்ல பாடம் இருக்கிறது. வணிகர்களுக்கு ஆட்டக்காரர் கதை எதற்கு என்று எண்ண வேண்டாம். ஆட்டக்காரர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, மைதானத்துக்கு வாடகை கொடுத்து, டிக்கெட் விற்று நடத்தும் அணியும் ஒரு வியாபாரம்தான். அதற்கும் கொள்முதல் உண்டு, கல்லா உண்டு, கடன் பாக்கியும் உண்டு.

தோற்கும் அணிதான் ஊரை விட்டுப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டியில் 2018-19 பருவத்தில் பத்து அணிகள் ஆடின. அதில் கடைசி இடம் நமது சென்னையின் அணிக்கு. அது சென்னையை விட்டுப் போகவில்லை. எட்டாம் இடம் பெற்ற டெல்லி டைனமோஸ்தான் போயிற்று. ஆகவே காரணத்தைப் புள்ளிப் பட்டியலில் தேடுவதில் பயனில்லை. கணக்குப் புத்தகத்தில்தான் தேட வேண்டும்.

முதற் கணக்கு: வாடிக்கையாளர்

டெல்லி டைனமோஸ் 2014-ல் தொடங்கப்பட்டது. இத்தாலியின் புகழ்பெற்ற டெல் பியரோ, பிரேசிலின் ராபர்டோ கார்லோஸ் ஆகியோரை வரவழைத்தார்கள். 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அரையிறுதி வரை போனார்கள். சரக்கில் குறையில்லை என்று பொருள். ஆனால் ஆடிய ஜவஹர்லால் நேரு மைதானம் சுமார் 60,000 பேர் அமரக் கூடியது. அதன் பெரும்பகுதி காலியாகவே கிடந்தது. பெரிய கடையை எடுத்துவிட்டு, தினம் நாலு பேருக்குச் சரக்கு நிறுத்துக் கொடுத்தால் விளக்குச் செலவுக்குக் கூடக் கட்டாது.

2018-19 டெல்லியில் அந்த அணிக்குக் கடைசிப் பருவமாயிற்று. 2019 ஆகஸ்டில் ஒடிசா அரசு ஆதரவளிக்க முன்வந்தது. அணி புவனேஸ்வரத்தின் கலிங்கா மைதானத்துக்குப் பெயர்ந்து ஒடிசா எஃப்.சி. ஆனது. 2023-ல் சூப்பர் கோப்பையும் வென்றது. இடமும் ஆதரவும் பொருந்தினால் அதே தொழில் தழைக்கிறது என்பதற்கு இது சாட்சி.

இரண்டாம் கணக்கு: இடம்

இதற்கு நேர் எதிரான கதை அமெரிக்காவில் நடந்தது. அங்கே பனிக்கட்டித் தளத்தின் மேல் சக்கரமில்லாச் சறுக்குக் காலணி அணிந்து ஆடும் ஐஸ் ஹாக்கி பெரிய வியாபாரம். 1996-ல் கனடாவின் வின்னிபெக் நகரிலிருந்து அரிசோனா மாநிலத்துக்கு வந்த அணிக்குக் கயோட்டீஸ் என்று பெயர். கிளெண்டேல் நகராட்சியின் அரங்கில் குத்தகைக்கு ஆடி வந்தது. குத்தகை ஆண்டுக்காண்டு நீட்டிக்கும் நிலைக்கு வந்தது. வரியும் அரங்கக் கட்டணமும் பாக்கி விழுந்ததால், 2021 டிசம்பரில் கதவைப் பூட்டப் போவதாக நகராட்சி எச்சரித்தது. பாக்கி செலுத்தப்பட்டது. ஆயினும் 2022-க்குப் பின் குத்தகையை நகராட்சி நீட்டிக்கவில்லை.

அணி 5,000 பேருக்கும் குறைவாகவே அமரக் கூடிய ஒரு பல்கலைக்கழக அரங்கில் ஒண்டிக் குடியிருந்தது. புது அரங்கம் கட்டும் திட்டத்தை 2023 மே மாதம் டெம்பே நகர மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். 2024 ஏப்ரல் 17 அன்று கடைசி ஆட்டம். எட்மண்டன் அணியை 5-2 என்று வென்றார்கள். மறுநாளே 120 கோடி டாலர் மதிப்பிலான விற்பனை முடிவாகி, ஆட்டக்காரர்கள் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகருக்குப் போனார்கள். அந்தச் சிறிய அரங்கில் ஆள் நிறைந்திருந்தது. அணிக்கென்று நிலையான இடம் இல்லை. டெல்லியில் இடம் இருந்தது, ஆள் இல்லை. இரண்டில் எது குறைந்தாலும் முடிவு ஒன்றே.

மூன்றாம் கணக்கு: முதல்

புனே நகர அணியும் 2019-ல் நின்றுபோயிற்று. அந்த இடம் ஹைதராபாத்துக்குக் கிடைத்தது. ஹைதராபாத் அணி 2022 மார்ச்சில் கோவாவில் கேரளாவை வென்று சாம்பியன் ஆயிற்று. இரண்டே ஆண்டில் நிலைமை தலைகீழ். கைமுதல் வற்றியது, சம்பளம் நின்றது, ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். 2023-24 பருவம் முழுவதும் ஒரே ஒரு வெற்றி, கடைசி இடம். உரிமை கைமாறிய பின், 2025 அக்டோபரில் அணி டெல்லிக்குப் பெயர்ந்து ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்று பெயர் பெற்றது. கோப்பை வாங்கியது போன வருட லாபம் போன்றது. இந்த மாதச் சம்பளத்தை அது கொடுக்காது.

நமக்கு என்ன பாடம்?

ஓர் அணியோ, ஆலையோ, அங்காடியோ, பேருந்து நிலையமோ இடம் பெயரும்போது அதன் முதலாளிக்குப் பெரும்பாலும் விலை கிடைத்துவிடுகிறது. வாசலில் டீயும் வேர்க்கடலையும் குளிர்பானமும் விற்றவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர் நோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆனால் மேலே கண்ட எந்த அணியும் ஒரே இரவில் போய்விடவில்லை. அடையாளங்கள் முன்பே தெரிந்தன. நாமும் கவனிக்க வேண்டியவை இவை:

1. நமது பெரிய வாடிக்கை ஆலையோ நிறுவனமோ தன் ஆட்களுக்குச் சம்பளத்தைத் தள்ளிப் போடுகிறதா? அடுத்து தள்ளிப் போவது நமது பில்தான். கடன் வரம்பை அன்றே குறைத்துவிட வேண்டும்.

2. அதன் குத்தகை நீண்ட காலத்துக்கா, ஆண்டுக்காண்டா? நமது கடையின் வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்கிறதா? வாய்ப்பேச்சு அவசரத்துக்கு உதவாது.

3. புது இடம், புதுக் கட்டடம் என்ற பேச்சு வருடக் கணக்கில் பேச்சாகவே இருக்கிறதா? அதை நம்பி அதிக அட்வான்ஸ் கொடுத்துக் கடை பிடிக்கக் கூடாது.

4. நமது விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே கூட்டத்தை நம்பி இருக்கிறதா? அப்படியானால் தெருவில் உள்ள குடும்ப வாடிக்கையை இப்போதே வளர்க்க வேண்டும். மாதச் சாமான் வாங்கும் வீடு, ஆலை போனாலும் பல காலம் இருக்கும்.

எண்ணூரிலிருந்து மாதவரம் வரை ஆலையையும் துறைமுகத்தையும் லாரி நிலையத்தையும் நம்பிப் பிழைக்கும் கடைகள் ஏராளம். அவற்றை நம்புவதில் தவறில்லை. ஆனால் நம்பிக்கைக்குப் பக்கத்தில் ஒரு கணக்குப் புத்தகமும் திறந்திருக்க வேண்டும். இந்த மாதம் ஐந்தொகை போடும்போது, முதல் மூன்று பெரிய கடன்காரர்களின் பெயர்களைத் தனித் தாளில் எழுதிப் பாருங்கள். அவர்களில் ஒருவர் நாளை ஊர் மாறினால் நமது கடை நிற்குமா என்பதற்கு விடை அந்தத் தாளிலேயே இருக்கும்.