காவல் நாயும் மனைத்தோட்டமும்

காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் ஆண்ட காலத்தில், செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் ஒரு நடுகல் நாட்டப்பெற்றது. எருமை மந்தையைக் காக்கும் பூசலில் உயிர் நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு அவ்வேந்தனது 34-ஆம் ஆட்சியாண்டில் எடுத்த கல் அது. வீரனுக்கு அருகே ஒரு நாயின் உருவமும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லெழுத்துக் கூறுகின்றது. வாயில்லா உயிர் ஒன்றின் நன்றியைப் பெயர் சுட்டிப் போற்றிய பெருமை தமிழகத்திற்கு உரியது.

காத்த நாய்க்குக் கல்லில் இடம் அளித்தோர் வழிவந்தவர், இன்று தம் மனையைக் காக்கும் நாயைக் காக்கின்றனரா என்பது எண்ணத்தக்கது. நாய்க்கு வேளைதோறும் சோறிடுவோர் பலர். ஆனால், அது பகலெல்லாம் உலவும் கொல்லைப்புறத்தில் அதற்கு ஊறு செய்வன எவை என ஆராய்வோர் சிலரே. காஞ்சி நகரின் நெசவாளர் இல்லங்களில் இவ்வாராய்ச்சி இன்றியமையாதது. தறியும் பாவும் உள்ள கூடத்தில் நாயை உலவவிட இயலாது. அதன் நகம் பட்டால் பட்டிழை அறும். மயிர் ஒட்டினால் சேலை மாசுறும். ஆதலின், அங்கே வளரும் நாய்க்குக் கொல்லையே வீடும் உலகும் ஆகின்றது.

காஞ்சி கோயில்கள் நிறைந்த நகரம். ஆதலின், மனைதோறும் பூசைக்குரிய மலர்ச்செடிகளை வளர்க்கும் வழக்கம் உண்டு. அவற்றுள் அரளி முதன்மையானது. அதன் இலை, பூ, பட்டை, வேர் ஆகிய எல்லா உறுப்புகளும் நஞ்சுடையவை. உலர்ந்து உதிர்ந்த சருகிலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. உட்கொண்ட உயிரின் நெஞ்சத் துடிப்பை அது நிலைகுலையச் செய்யும். மஞ்சள் அரளியின் கொட்டையும், ஆமணக்கு வித்தும், ஊமத்தங்காயும் அத்தகையனவே. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கு கொடிய நஞ்சாகும். அழகுக்காக வைக்கும் சைகஸ் செடியின் விதையோ கல்லீரலைக் கெடுக்கும். சோற்றுக் கற்றாழையும் நாயின் வயிற்றுக்கு ஒவ்வாது. வளர்ந்த நாய் இவற்றை விலக்கினும், பல் முளைக்கும் பருவத்துக் குட்டி எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கும் இயல்பினது.

பூசைக்கு அரளி வேண்டுமே எனின், அதற்கும் வழியுண்டு. நாய் புகாத இடத்தில் அரளியை வைத்து, சுற்றிலும் உறுதியான வேலியிட்டு, உதிர்ந்த இலையையும் பூவையும் நாள்தோறும் பெருக்கி அகற்றலாம். அதற்கு இடமில்லாத மனையில் அரளியை விடுத்து மல்லிகை, செம்பருத்தி, வெட்சி, துளசி முதலியவற்றை வளர்க்கலாம். இவை பூசைக்கும் உரியவை. நாய்க்கும் தீங்கு செய்யாதவை. பைரவக் கடவுளின் ஊர்தியாக நாயை அமைத்து வணங்கும் நாட்டில், வழிபாட்டுக்கு வைத்த செடியே நாயின் உயிரைப் பறித்தல் பொருந்துமோ?

செடியினும் கொடியது, செடிக்கு இடும் எருவில் மறைந்திருப்பதும் உண்டு. ஆமணக்குப் பிண்ணாக்கின் மணம் நாயை ஈர்க்கும். வித்தின் நஞ்சு முற்றும் நீங்காத பிண்ணாக்கைத் தின்ற நாய் பிழைத்தல் அரிது. காப்பி வடித்த சக்கையைச் செடியின் அடியில் கொட்டுதல் பல இல்லங்களில் வழக்கம். அதுவும் நாய்க்கு ஆகாது. எலி மருந்தும் பூச்சி மருந்தும் அதன் வாய்க்கு எட்டும் இடத்தில் இருத்தல் கூடாது. இவற்றுக்கு மாறாக நன்கு மட்கிய சாண எருவை மண்ணோடு கலந்து மூடுதல் நன்று.

தீயனவற்றை நீக்கிய பின், நல்லனவற்றை அமைத்தல் வேண்டும். நாய்க்கு மாந்தரைப் போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. அது நாவை நீட்டி மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். கோடையில் காஞ்சியின் வெயில் 40 பாகை செல்சியசை எட்டுவதுண்டு. ஆதலின், நிழல் முதல் தேவையாகும். ஏகாம்பரநாதர் திருக்கோயிலின் தலமரமாகிய மா, மனைக்கும் நன்னிழல் தரும். ஆனால் மாங்கொட்டையை நாய் விழுங்கினால் குடல் அடைபடும்; உதிர்ந்த கனிகளை உடனுக்குடன் எடுத்துவிடல் வேண்டும். கருங்கல்லும் சிமெண்டுத் தளமும் நண்பகலில் கால் சுடும். அருகம்புல் பரப்பு குளிர்ச்சி தரும். நாய் அதனை மென்றாலும் கேடில்லை. புல்லைக் குட்டையாக வெட்டிவரின் உண்ணிகள் தங்குவதும் குறையும். நிழலில் அகன்ற மண்தொட்டி ஒன்றை வைத்து நாள்தோறும் நீரை மாற்றுதல் வேண்டும். கிணறு இருப்பின் கைப்பிடிச் சுவரோ மூடியோ இன்றியமையாதது.

வேலி ஓரமாகச் சுற்றி வருதல் காவல் நாயின் இயல்பு. அவ்வழியில் செடி வைத்தால் செடி மிதிபடும், நாயும் வசைபடும். சுவருக்கும் செடிக்கும் இடையே 2 அடி அகலம் விட்டால் இருவகைக் குறையும் இல்லை. மண்ணைத் தோண்டுதலும் அதன் இயல்பே. ஒரு மூலையில் மணல் நிரப்பிய குழி அமைத்து, அங்கே தோண்டப் பழக்கினால் மற்றப் பாத்திகள் பிழைக்கும். இளஞ்செடிகளை உயர்ந்த பாத்தியிலோ தொட்டியிலோ வளர்த்தல் நலம்.

இத்துணை விழிப்பையும் மீறி நாய் நஞ்சை உண்பதுண்டு. வாயில் நீர் வடிதல், வாந்தி, தள்ளாட்டம் ஆகியவை அதன் குறிகள். அப்பொழுது கைம்மருந்து செய்து காலம் போக்குதல் கூடாது. அது கடித்த இலையோடும் காயோடும் கால்நடை மருத்துவரிடம் விரைந்து கொண்டு செல்லல் வேண்டும்.

இத்தொல்லைகளுக்கு அஞ்சி நாயை நாள் முழுதும் சங்கிலியில் பிணித்து வைத்தல் தீர்வாகாது. அளவின்றிக் குறுகிய சங்கிலியிலோ மிகக் கனத்த சங்கிலியிலோ விலங்கை நெடுநேரம் கட்டி வைத்தல் குற்றம் என்று 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விதிக்கின்றது. அச்சட்டம் உருவாகப் பெரிதும் உழைத்தவர், மாநிலங்களவை உறுப்பினராக விளங்கிய உருக்குமணி தேவி அருண்டேல் அம்மையார். கலாக்ஷேத்திரத்தில் நெசவுக்கூடம் அமைத்துக் காஞ்சிப் பட்டின் பழைய கரை வேலைப்பாடுகளுக்குப் புத்துயிர் அளித்தவரும் அவரே. பட்டிழையின் அருமை அறிந்த உள்ளம் வாயில்லா உயிரின் அருமையையும் அறிந்திருந்தது.

நாய் அரளியையும் மல்லிகையையும் பிரித்தறியாது. பிரித்தறிந்து நடும் பொறுப்பு மனைக்குரியோரிடமே உள்ளது. இரவெல்லாம் விழித்து மனையைக் காக்கும் உயிர், பகலில் அம்மனையின் கொல்லையில் அச்சமின்றி உலவுதல் வேண்டும். அத்தகைய தோட்டத்தை ஆக்குதலே அந்நாய்க்குச் செய்யும் கைம்மாறாகும்.