குமிழுக்குள் உறங்கும் மலர்

பிப்ரவரி மாதத்தில் புது தில்லியின் சாந்தி பத் சாலை வழியே செல்பவர்கள், அங்கே சிவப்பும் மஞ்சளுமாக நிமிர்ந்து நிற்கும் டியூலிப் மலர்களைக் கண்டிருப்பார்கள். அவற்றில் ஆசைகொண்டு நானும் ஒரு டிசம்பரில் பத்துக் குமிழ்களை வாங்கித் தொட்டிகளில் நட்டேன். பத்தும் பூத்தன. மலர் உதிர்ந்ததும், எஞ்சிய இலைகள் பார்வைக்கு நன்றாயில்லை என்று அவற்றை அடியோடு அரிந்துவிட்டேன். குமிழ்களைத் தோண்டி மறு ஆண்டுக்கென்று பத்திரப்படுத்தினேன். மறு ஆண்டு முளைத்தவை ஒற்றை இலைகளே. பூ ஒன்றுகூட இல்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். குற்றத்தில் பாதி என்னுடையது, மறுபாதி தில்லி வெயிலுடையது என்பது பின்னரே விளங்கிற்று.

டியூலிப்பின் குமிழ் வெங்காயத்தைப் போன்றது. வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தால் தோன்றும் வளையங்கள் யாவும் உணவைச் சேமித்து வைத்துள்ள தடித்த இலைகளேயாம். டியூலிப் அச்சேமிப்பு முழுவதையும் ஒரு பருவத்திலேயே செலவிட்டு மடிந்துவிடுகிறது. ஆகவே, பூத்தபின் நாம் தோண்டியெடுப்பது நாம் நட்ட குமிழ் அன்று. அதனுள் தோன்றி வளர்ந்த சேய்க் குமிழ்களே. அந்தச் சேய்களுக்கு உணவு சமைப்பவை, மலர் உதிர்ந்த பின்னும் பசுமையாய் நிற்கும் இலைகள். நான் அரிந்தெறிந்தது அவற்றின் அடுக்களையை! அரியாது விட்டிருந்தாலும், மார்ச் மாத வெயில் இலைகளை விரைவில் உலர்த்திவிடும். சிறுத்துப்போன குமிழ் ஓர் இலையைத்தான் ஈனும்.

அடுத்தது குளிர். மலரின் கரு கோடையிலேயே குமிழுக்குள் உருவாகிவிடுகிறது. ஆனால் காம்பு நீண்டு மலர் வெளிவருவதற்குப் பல வாரக் குளிர் வேண்டும். பெரும்பாலான வகைகளுக்கு 12 முதல் 16 வாரங்கள். மத்திய ஆசிய மலைகளைத் தாயகமாகக் கொண்ட செடியாயிற்றே! தில்லியில் விற்கப்படும் குமிழ்கள் முன்னரே குளிரூட்டப்பட்டவை. முதல் ஆண்டில் அவை பூப்பதன் இரகசியம் இதுவே. வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைப்போர் ஆப்பிள் பழங்களை அருகே வைத்தலாகாது. பழுக்கும் கனியிலிருந்து எழும் எத்திலீன் வாயு, உள்ளிருக்கும் மலர்க் கருவைக் கருக்கிவிடும்.

காஷ்மீரில் இத்தனை உபசாரம் தேவையில்லை. அங்கே மண் வேய்ந்த கூரைகளின்மீது டியூலிப் பூப்பது பழைய காட்சி. ஸ்ரீநகரில், ஜபர்வான் மலையடிவாரத்தில் உள்ள பெருந்தோட்டத்தில், இலையுதிர் காலத்தில் நடப்படும் குமிழ்கள் பனிக்குளிரை மண்ணுக்குள்ளேயே அனுபவித்து, மார்ச் இறுதியில் மலரத் தொடங்குகின்றன.

சமவெளியில் இருப்போர் நர்கிஸ் வளர்ப்பதே விவேகம். வெண்ணிறமும் நறுமணமும் உடைய இம்மலருக்குக் கடுங்குளிர் வேண்டுவதில்லை. அதன் குமிழும் ஆண்டுதோறும் நிலைத்திருக்கும். அக்டோபரில், குமிழின் உயரத்தைப்போல் இருமடங்கு முதல் மும்மடங்கு ஆழத்தில், மணல் கலந்த மண்ணில் நடுக. நீர் தேங்கினால் அழுகிவிடும். பூத்தபின் இலைகள் தாமாக மஞ்சளிக்கும் வரை நீர் வார்த்து, பின்னர் நிறுத்திவிடலாம்.

என் நர்கிஸ் தொட்டிகளில் இப்பொழுது ஒரு குச்சி நட்டு வைக்கிறேன். உலர்ந்த இலையைக் கண்டு, வெறும் மண் என்று எவரும் கொட்டிவிடக் கூடாதல்லவா?