தெருக்குரலும் விடுபட்ட பெயரும்

திருக்குறளைத் தெரியாத தமிழர் இல்லை. 2019-இல் வெளிவந்த 'தெருக்குரல்' நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாட்டைக் கேட்டிருப்பார்கள், பெயர் தெரியாது. அரக்கோணத்துக்காரரான அறிவு எழுதிப் பாடி, ஓஃப்ரோவுடன் சேர்ந்து வெளியிட்ட முதல் பாட்டுத் தொகுப்பு அது. இகரம் எகரமாகி, வல்லின றகரம் இடையின ரகரமாகி, ளகரம் லகரமானதும் சுவடியில் இருந்தது தெருவுக்கு வந்துவிட்டது. தலைப்பிலேயே இவ்வளவு தமிழ் விளையாடியிருக்கும்போது, 'ராப் பாட்டெல்லாம் தமிழா?' என்று சில தமிழாசிரியர்கள் முகம் சுளித்ததுதான் நமக்கு வேடிக்கையாக இருந்தது.

அறிவு திடீரென்று முளைத்தவர் அல்ல. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதி பேதமற்ற தமிழர் என்ற எண்ணத்திலிருந்து பெயர் எடுத்த குழு அது. கானாக்காரர்களும் பறை இசைப்பவர்களும் கித்தார் வாசிப்பவர்களும் ஒரே மேடையில் நின்றார்கள். இடஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் பாடினார்கள். அந்த மேடையில் நின்றவர்களில் ஒருவர் அறிவு.

'தெருக்குரல்' தொகுப்பில் ஒரு பாட்டின் பெயர் 'ஸ்னோலின்'. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று துப்பாக்கிச் சூட்டில் இறந்த 17 வயதுப் பெண்ணின் பெயர் அது. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் பலியானோர் மொத்தம் 13 பேர். நாளிதழ்களில் எண்ணிக்கையாகப் போனவர்களில் ஒருத்தி பாட்டில் பெயரோடு நின்றாள். இன்னொரு பாட்டுக்குத் தலைப்பு 'ஆன்ட்டி இந்தியன்'. கேள்வி கேட்பவர்களை வாயடைக்கப் பயன்பட்ட வசையையே எடுத்துத் தலைப்பாக வைத்துவிட்டார். செய்யுளில் எதுகையும் மோனையும் இயைபும் படித்த மாணவர்கள் இந்தப் பாட்டுகளைத் தாளில் எழுதிப் பார்க்கலாம். ராப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் அடியின் கடைசியில் இயைபைத்தான் நம்புவார்கள். இவர் அதோடு நிற்காமல் அடிக்குள்ளேயே எதுகையைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார். இது நம் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் இருக்கிற ஓட்டம்தான்.

சினிமாவில் வராத பாட்டுக்குப் பண்பலையில் இடம் கிடைப்பது அரிது. அதனால் இந்தத் தொகுப்பு கைப்பேசி வழியாகத்தான் பரவியது. அடுத்து 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. அறிவும் தீயும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் இசை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்தவர்களின் கதை அதற்குள் இருக்கிறது. அறிவின் பாட்டி வள்ளியம்மாளும் அப்படி வந்தவர்தான். அந்தப் பாட்டு ஒலிக்காத கல்யாண மண்டபம் உண்டா?

பாட்டு இவ்வளவு தூரம் போனதும் எழுதியவர் பெயர் தேய ஆரம்பித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அவர்கள் பாடிப் பேசப்பட்ட இரண்டு பாட்டுகளிலும் அறிவின் வரிகள் இருந்தன, அட்டையில் அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் அறிவுக்கென்று ஒரு மின் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அரங்கேறியபோதும் அவர் மேடையில் இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. தன் உழைப்பைப் பற்றி அறிவு எழுதினார், சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். யார் மனதில் என்ன இருந்தது என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் விடுபடும் பெயர் ஒரே பெயராக இருந்தால், அதைத் தற்செயல் என்று சொல்லி நகர நமக்கு மனம் வரவில்லை.

விளாங்குடியில் உட்கார்ந்து இதை எழுதும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அரசரடி நினைவுக்கு வருகிறது. அங்குள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் தியாபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்றால்தான் பலருக்குத் தெரியும். கிராமத்துப் பேச்சுத் தமிழில், பறையோடு, தலித் விடுதலைப் பாட்டுகளைக் கட்டியவர். 2005-இல் மறைந்தார். எல்லாரும் கொண்டுவந்ததை ஒரே உலையில் போட்டுச் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவர் பேசிய இறையியல். பாட்டையும் அவர் அப்படியே பார்த்தார். சனங்கள் தம் பாட்டை வாங்கித் தமக்கேற்றபடி மாற்றிப் பாடினால் அவருக்கு மகிழ்ச்சி.

அப்படியானால் அறிவு பெயர் கேட்பது தவறா? அன்று பரட்டை கேட்காததை இன்று இவர் ஏன் கேட்கிறார் என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். பரட்டையின் பாட்டு சேரியிலிருந்து சேரிக்குப் போனது. நடுவில் யாரும் காசு பார்க்கவில்லை. பாட்டு சந்தைக்குப் போய்விட்டால் கதை வேறு. அங்கே பெயர்தான் கூலிச்சீட்டு. களத்து மேட்டில் நெல் அளக்கும்போது அறுத்தவன் பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று நம் பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பாட்டால் தங்களுக்கு இதுவரை வருமானமே வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே 2024 மார்ச்சில் சொன்னதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கணக்கில்லாத சந்தையில் பேர் பெற்றவருக்கே அந்த நிலை.

இளையான்குடி பக்கம் மாரந்தையில் பிறந்த கே.ஏ.குணசேகரனின் குரலில்தான் 'மனுசங்கடா' ஊர் ஊராகப் போனது. எழுதியவர் இன்குலாப். கேட்கும்போது இரண்டு பெயரையும் சேர்த்தே நினைக்கிற வழக்கம் நம் இயக்கங்களில் இருந்தது. அறிவு 2024-இல் வெளியிட்ட அடுத்த தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்தார். இந்த முறை பாட்டியின் பெயர் தலைப்பிலேயே ஏறிவிட்டது.

நம் பகுதியில் பாட்டு எழுதுகிற மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதிய பாட்டு எழுதியபோதே உங்களுடையது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. உரிமையை விற்றுவிட்டாலும் 'இதை எழுதியவன் நான்' என்று சொல்லும் உரிமை 57-ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும். 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பின், ஒலிப்பதிவாகும் பாட்டின் உரிமைத்தொகையில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள சமபங்கை ஒப்பந்தம் போட்டுப் பறிக்க முடியாது. ஆகவே யாராவது தாளை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாமல், வீட்டுக்குக் கொண்டுவந்து விவரம் தெரிந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். பாட்டின் முதல் பிரதியைத் தேதி போட்டு உங்கள் மின்னஞ்சலுக்கே ஒருமுறை அனுப்பி வையுங்கள். கல்லூரி விழாவில் வேறொருவர் பாட்டைப் பாடினால், பாடுவதற்கு முன் எழுதியவர் பெயரை மைக்கில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.