நீரில் விரையும் படகுக்கு வேலி எதற்கு?

கல்மண்டபத்திலிருந்து கிழக்கே சென்றால் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வந்துவிடும். அங்கே விசைப்படகுகளும் ஃபைபர் படகுகளும் நெருக்கமாக வந்து போவதை நீங்கள் பார்த்திருக்கலாம். பேருந்தில் இருப்பது போன்ற பிரேக் இவற்றில் கிடையாது. மெல்லச் செல்லும்போது இது குறையாகத் தோன்றுவதில்லை. வேகம் கூடினால்?

படகின் வேகத்தை 'நாட்' என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1,852 மீட்டர். 5 நாட் வேகத்தில் செல்லும் படகு வினாடிக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நகரும்; 30 நாட் வேகத்தில் 15 மீட்டர் பாயும். அலைகளிடையே நீந்துபவரின் தலையைக் கண்டு, ஓட்டுபவரின் கை செயல்பட இரண்டு வினாடி ஆகிறது என்று கொள்வோம். அதற்குள் முதல் படகு 5 மீட்டர் வந்திருக்கும். இரண்டாவது 30 மீட்டர் கடந்திருக்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்தில் இருப்பதால், ஒரே படகின் வேகம் ஆறு மடங்கானால் மோதலின் ஆற்றல் 36 மடங்காகும்.

'ஜெட் ஸ்கி' எனப்படும் நீர் ஸ்கூட்டரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது அடியில் நீரை உறிஞ்சிப் பின்புறக் குழாய் வழியே பீய்ச்சுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி வண்டி முன்னே பாய்கிறது. அந்தக் குழாயைத் திருப்பினால் வண்டி திரும்பும். ஆனால், பயந்துபோன புதியவர் முதலில் விசையை விட்டுவிடுவார். பீய்ச்சல் நின்றதும் திருப்பும் ஆற்றலும் போய்விடும். வண்டி நேராகவே செல்லும்! சில புதிய மாதிரிகளில் இதற்கு மாற்று ஏற்பாடு உண்டு, எல்லாவற்றிலும் இல்லை.

இனி மும்பையில் நடந்ததைப் பாருங்கள். 2024 டிசம்பர் 18 அன்று, எலிபெண்டா தீவுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற 'நீல் கமல்' படகின்மீது, என்ஜின் சோதனையில் இருந்த கடற்படையின் விரைவுப் படகு மோதியது. 15 பேர் உயிரிழந்தனர். என்ஜின் கோளாறால் படகு கட்டுப்பாட்டை இழந்தது என்று கடற்படை அறிவித்தது. பழகிய கைகளிலும் இயந்திரம் பழுதாகலாம். அப்போது உயிரைக் காப்பது இடைவெளி ஒன்றே.

கடலில் மோதலைத் தவிர்க்கும் 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகள், எப்போதும் கண்காணிப்பும் 'பாதுகாப்பான வேகமும்' வேண்டும் என்கின்றன. வேகத்துக்கு எண் எதையும் குறிப்பிடவில்லை. இடத்துக்கேற்ற எண்ணை அந்தந்த ஊரே வகுக்க வேண்டும். பிரிட்டனில் ஜெட் ஸ்கி 'கப்பல்' ஆகாது என்று 2005இல் நீதிமன்றம் கூறியதால், சட்டத்தில் ஓட்டை விழுந்தது. 2023இல்தான் அதை அடைத்தார்கள்.

நல்ல விதிகள் எளியவை. கரையோரம் 5 நாட் போன்ற குறைந்த வேகம், நீந்துமிடத்தையும் வலை விரிக்குமிடத்தையும் மிதவைகளால் பிரித்தல், ஓட்டுநருக்குப் பயிற்சி, அனைவருக்கும் உயிர்காப்புச் சட்டை. ஓட்டுபவர் தவறி விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கயிறு அவர் உடலோடு இணைந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை உல்லாசப் படகில் ஏறும்போது, அந்தக் கயிறு எங்கே என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் இறங்கிவிடுங்கள்.