மடியில் ஒன்று, வயிற்றில் ஒன்று

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு ஊருக்குப் போன மனைவி, பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆனதும் நாகர்கோவில் ரயிலில் வந்து தாதரில் இறங்குகிறாள். கூடவே ஒரு தகரப் பெட்டி, உரைமருந்துப் பொட்டலம், வசம்பு, தாயார் சொல்லியனுப்பிய புத்திமதிகள். அந்தப் புத்திமதிகளில் ஒன்று மட்டும் மாப்பிள்ளையின் காதில் விழாதபடி சொல்லப்பட்டது: "பிள்ள பால் குடிக்கிற மட்டும் பயமில்லம்மா. தலைக்குக் குளிக்காத வரைக்கும் ஒண்ணும் தங்காது."

நான்கு மாதம் கழிகிறது. தாராவியில் பத்துக்குப் பத்து அறை. பிள்ளை மார்பில் வாய் வைத்துவிட்டு அழுகிறது. பால் போதவில்லை. தாளிக்கும் வாசனை தாய்க்குக் குமட்டுகிறது. பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்துப் பார்க்கிறாள். கடைசியில் சயான் ஆஸ்பத்திரி வரிசையில் அரை நாள் நின்று லேடி டாக்டரைப் பார்த்தால், மூன்று மாதம் என்கிறார். "குளிக்கவே இல்லையே டாக்டரம்மா, அதெப்படி?" என்று அவள் கேட்கிறாள். வெளியே காத்து நிற்கும் கணவன் மனத்துக்குள் சம்பளத்தையும் வாடகையையும் கூட்டிக் கழிக்கிறான். ஊரையும் தெருவையும் மாற்றினால் இந்தக் கதை எத்தனையோ வீடுகளுக்குப் பொருந்தும்.

கருவுற்றவளை "முழுகாமல் இருக்கிறாள்" என்று சொல்வது நம் வழக்கம். மாதா மாதம் முழுகியவள் ஒரு மாதம் முழுகவில்லை என்றால் சங்கதி என்னவென்று வீட்டுக்குத் தெரிந்துவிடும். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட முழுகாதவள் விஷயத்தில் இந்தக் கணக்கு உதவாது. மாதவிலக்கு என்பது கருமுட்டை வெளிப்பட்டு, அது கருவாகாமல் போன பிறகு வருவது. முட்டை முன்னே, விலக்கு பின்னே. பிரசவத்துக்குப் பின் வெளிப்படும் முதல் முட்டையே கருவாகிவிட்டால், விலக்கைப் பார்க்காமலே அடுத்த பிள்ளை வயிற்றில் வளரத் தொடங்கிவிடும். லேடி டாக்டர் இதைச் சொன்னபோதுதான் அந்தப் பெண்ணுக்கு விளங்கியது.

பாட்டி சொன்னது முழுப் பொய்யா?

இல்லை. முக்கால் உண்மை. மீதிக் காலில்தான் ஆபத்து இருக்கிறது.

பிள்ளை மார்பில் வாய் வைத்து உறிஞ்சும்போது அங்குள்ள நரம்புகள் வழியாக மூளைக்குச் சேதி போகிறது. பாலைச் சுரக்கச் செய்யும் ஹார்மோன் அதிகமாகிறது. அதே சமயம், கருப்பையின் இருபுறமும் உள்ள சூலகங்களை வேலை செய்யத் தூண்டும் மூளைச் சுரப்பு தடைப்படுகிறது. மேலிடத்து உத்தரவு வராத ஆபீஸ் போலச் சூலகம் சும்மா இருக்கிறது, முட்டை வெளிப்படுவதில்லை. ஆனால் இந்தத் தடை நிலைக்க வேண்டுமானால் பிள்ளை அடிக்கடி உறிஞ்ச வேண்டும். இரவிலும் உறிஞ்ச வேண்டும். மார்பில் பால் இருப்பதைவிட, பிள்ளை உறிஞ்சுவதே இதில் முக்கியம். பிழிந்து வைத்த பாலைக் கிண்ணத்தில் புகட்டினால் பிள்ளைக்குப் பசியாறும். தாய்க்குப் பாதுகாப்பு குறைந்துவிடும்.

1988-ல் இத்தாலி நாட்டின் பெலாஜியோ என்ற ஊரில் பல நாட்டு நிபுணர்கள் கூடி இதை அலசினார்கள். பிரசவமாகி ஆறு மாதம் நிறையாமல் இருக்க வேண்டும்; மாதவிலக்கு திரும்பி வராமல் இருக்க வேண்டும்; பிள்ளைக்குத் தாய்ப்பாலே முழு ஆகாரமாக, அல்லது ஏறக்குறைய முழு ஆகாரமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் 98 சதவீதம் பாதுகாப்பு என்பது அவர்கள் கண்ட முடிவு. அதாவது நூறு தாய்மாரில் இரண்டு பேருக்குத்தான், அல்லது அதற்கும் குறைவாகத்தான், கரு உண்டாக இடமுண்டு. மாத்திரை, ஊசி எதுவும் இல்லாமல் இவ்வளவு பலன் என்பது சாதாரணமல்ல.

மூன்றில் ஒன்று தவறினாலும் இந்தக் கணக்கு செல்லாது. பகலில் நாலு மணி நேரத்துக்கு மேலும், இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் பால் கொடுக்காமல் இடைவெளி விட்டால் மூன்றாவது நிபந்தனை தளர்ந்துவிட்டதாக வைத்தியர்கள் கொள்கிறார்கள். பிரசவமான முதல் இரண்டு மாதத்தில் அவ்வப்போது படும் உதிரத்தை விலக்காக எண்ண வேண்டியதில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாள் தொடர்ந்து பட்டால் அது விலக்குதான். ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மாதங்கள் ஆக ஆக, விலக்குக்கு முன்பே முட்டை வெளிப்படும் வாய்ப்பும் கூடிக்கொண்டே போகும். பால் அறவே கொடுக்காத தாய்க்கோ, பிரசவமாகி நாலு வாரத்திலேயே முட்டை வெளிப்பட்டுவிடக்கூடும்.

இப்போது அந்த நாகர்கோவில் ரயிலைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். இரண்டாம் வகுப்புப் பெட்டி, எதிர்ப் பலகையில் முன்பின் தெரியாத ஆண்கள். மாராப்பை இழுத்துக்கொண்டு பால் கொடுக்கக் கூசி, தாய் ஒரு புட்டி வாங்கி வைத்துக்கொள்கிறாள். புட்டிக்குப் பழகிய பிள்ளை மார்பை மறக்கிறது. பம்பாய் வந்து சேர்ந்ததும் ஐந்தாம் மாதம் ஆறாம் மாதமாகிறது. கஞ்சியும் இட்லியும் தொடங்குகின்றன. விடிகாலை நாலு மணிக்கு இட்லி வேகவைக்க எழுகிற பெண், அல்லது எட்டே காலுக்கு லோகல் ரயிலைப் பிடிக்கிற பெண், இரவில் பிள்ளை அழாமல் தூங்கட்டும் என்று பசும்பாலைக் கொடுத்துப் படுக்க வைக்கிறாள். ஊரில் இருந்தவரை கணவன் ஆயிரம் மைல் தூரத்தில் இருந்ததும் ஒரு பாதுகாப்பாக இருந்தது. அதுவும் இப்போது இல்லை. தாய்ப்பால் தரும் காவல் விலகும் மாதமும் தம்பதிகள் ஒன்று சேரும் மாதமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. ஊரிலேயே குடும்பம் நடத்துகிறவர்களைவிட நமக்கு இந்தத் தொல்லை அதிகம் என்றால் காரணம் இதுதான்.

சவலைப் பிள்ளை

தாய் மறுபடியும் கருவுற்றதால் பால் மறக்கடிக்கப்பட்டு, கை கால் சூம்பி, வயிறு உப்பி, ஓயாமல் சிணுங்கும் குழந்தையைச் சவலை என்பார்கள். இது நம் நாட்டுச் சொல் மட்டுமல்ல. ஆப்பிரிக்காவில் கோல்ட் கோஸ்ட் என்று அப்போது வழங்கிய நாட்டில் பணிபுரிந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், 1930-களில் குழந்தைகளிடம் கண்ட ஒரு நோய்க்கு அந்த ஊர் மக்கள் வழங்கிய பெயரையே வைத்து எழுதினார்: குவாஷியோர்கர். அடுத்த பிள்ளை வந்ததால் இடம் இழந்த பிள்ளைக்கு வருவது என்பது அதன் பொருள். கடல் கடந்த அந்தத் தாய்மாரும் நம் பாட்டிமாரும் கண்டது ஒன்றுதான்.

தாய்க்கும் கேடுதான். முதல் பிரசவத்தில் இழந்த இரத்தம் ஊறுவதற்குள் அடுத்தது என்றால் சோகை பிடிக்கும். குறைமாதத்தில் பிறப்பதும் எடை குறைந்து பிறப்பதும் இப்படி நெருக்கமாக உண்டாகும் பிள்ளைகளிடம் அதிகம். ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாதம் இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை.

ஆகவே தம்பதிகள் ஏற்பாடு எதையாவது முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது. பால் கொடுக்கும் தாய்க்கு எல்லா மாத்திரையும் ஒத்துவராது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் இருவகை ஹார்மோன் கலந்த மாத்திரையைப் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை தவிர்க்கச் சொல்கிறார்கள். அது பாலைக் குறைக்கக்கூடும். அதற்குப் பதில் லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் நம் விஞ்ஞானிகளே கண்டுபிடித்த மாத்திரை ஒன்று இருக்கிறது. அதில் ஹார்மோன் கிடையாது, பாலைக் கெடுப்பதில்லை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் "சாயா" என்ற பெயரில் இலவசமாகவே தருகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் "அந்தரா" ஊசியை ஆறு வாரத்துக்குப் பின் போட்டுக்கொள்ளலாம். காப்பர்-டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளோ, ஆறு வாரம் கழிந்த பிறகோ வைத்துக்கொள்ளலாம். ஊரிலேயே பிரசவம் என்றால் அங்கேயே இதைக் கேட்டு முடித்துவிடுவது மேல். பம்பாயில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு வந்தபின் வரிசையில் நிற்க நேரம் கிடைப்பதில்லை.

நிரோத் இருக்கவே இருக்கிறது. அதை வாங்கக் கூச்சப்பட்டுக்கொண்டு மருந்துக் கடை வாசலில் கூட்டம் குறையக் காத்திருந்து, காத்திருந்தபடியே வீடு திரும்பும் ஆண்பிள்ளைகளும் உண்டு. பிள்ளை பெற்றவளே எல்லாவற்றையும் சுமக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. குடும்பம் போதும் என்று முடிவு செய்தவர்களில் ஆண்கள் செய்துகொள்ளும் அறுவை, பெண்களுக்குச் செய்வதைவிடச் சுலபமானது. படுக்கையில் கிடக்க வேண்டியதில்லை. மூன்று மாதம் மட்டும் வேறு காப்பு வேண்டும்.

ஏற்கெனவே கரு உண்டாகிவிட்டால்?

முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சோதனை அட்டை பால் கொடுக்கும் தாய்க்கும் சரியாகவே காட்டும். திடீரெனப் பால் குறைவது, பிள்ளை மார்பை மறுப்பது, குமட்டல், அசதி இவை தென்பட்டால் விலக்குக்குக் காத்திராமல் சோதித்துவிடலாம்.

சூல்பால் விஷம் என்று அன்றைக்கே வேப்பெண்ணெயைத் தடவிப் பிள்ளையை விலக்குவது பல வீடுகளில் நடக்கிறது. அது தவறு. கருவுற்ற தாயின் பால் விஷமாவதில்லை. நாளாக ஆக அளவு குறையும், ருசி மாறும், கடைசி மாதங்களில் சீம்பாலாக மாறும், அவ்வளவே. முன்பு கருச்சிதைவோ குறைப் பிரசவமோ ஆனவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு நடக்க வேண்டும். மற்றவர்கள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கூடுதலாகச் சாப்பிட்டு, இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் விழுங்கி வரலாம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் பால் குறைவதை ஈடுகட்ட அதன் ஆகாரத்தில் தனிக் கவனம் தேவை.

இந்தக் கரு வேண்டாம் என்று நினைக்கும் பெண்ணுக்கு 1971-ஆம் வருடச் சட்டமும் அதன் 2021-ஆம் வருடத் திருத்தமும் வழி வைத்திருக்கின்றன. 18 வயது நிறைந்தவளுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும். கணவனின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. ஆனால் அதை அங்கீகாரம் பெற்ற டாக்டரிடம், அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் செய்துகொள்ள வேண்டும். சந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி, இரத்தம் நிற்காமல் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டாக்சி தேடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

பிள்ளைக்கு ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரங்களில் தடுப்பூசி போட எப்படியும் போகத்தான் போகிறோம். அதே இடத்தில் தாய்க்கானதையும் கேட்டுவிடலாம். நர்ஸம்மா மராத்தியில் "பாளி ஆலி கா?" என்று கேட்பார், விலக்கு வந்துவிட்டதா என்று அர்த்தம். "நாஹீ" என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிடக் கூடாது. பிள்ளைக்கு எத்தனை மாதம், இரவில் எத்தனை தடவை பால் குடிக்கிறது, புட்டிப்பால் உண்டா, கணவர் கூட இருக்கிறாரா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மராத்தி வராதவர்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணையோ, பள்ளியில் படிக்கும் மூத்த மகளையோ துணைக்கு அழைக்கிறார்கள். மகளை வைத்துக்கொண்டு இதைப் பேசக் கூச்சமாக இருந்தால் கணவனே அரை நாள் லீவு போட்டுக் கூடப் போகலாம்.